பிரேக் விளக்கு எரியாத வளைவுகள்

ஏப்ரல் 6

சங்கத்தின் ஏழாவது விதிப்படி உறுப்பினர் ஒவ்வொருவரும் தினக்குறிப்பு எழுத வேண்டும். ஓடிய தூரம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், ஏசி போட்டோமா இல்லையா, கூடுதல் குறிப்புகள். முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் வரலாறு நடத்தியவன் நான். அரசர்கள் தங்களைப் பற்றித் தாங்களே வெட்டிக்கொண்ட கல்வெட்டை அப்படியே நம்பக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றேன். இப்போது உளியோடு நானே உட்கார்ந்திருக்கிறேன்.

சங்கம் என்றால் பயந்துவிட வேண்டாம். சேலத்தில் ஹைபிரிட் கார் வைத்திருக்கும் நாற்பத்தோரு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். தலைவர் முபாரக், ஜவுளிக்கடைக்காரர். எங்களுக்குள் சாதி, மத, கட்சி வேறுபாடு கிடையாது. லிட்டருக்கு இருபதுக்குக் கீழே ஓட்டுகிறவர்களை மட்டும் கொஞ்சம் தாழ்வாக நினைப்போம்.

ஹைபிரிட் வண்டியில் பெட்ரோல் இன்ஜினும் உண்டு, மின்மோட்டாரும் உண்டு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட்டால், வண்டி தன் வேகத்தைத் தானே தின்று பேட்டரிக்கு ஊட்டும். சற்று அழுத்தினால் இன்ஜின் விழித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவுக்கு ஓர் இடம் இருக்கிறது. கால் அங்கே நின்றால் திரையில் அம்புக்குறிகள் எல்லாம் மறைந்து, வண்டி யார் தயவும் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். சங்கத்தில் இதற்கு மிதவை என்று பெயர். மிதவை தெரிந்தவன் பிரேக்கைத் தொட மாட்டான். பிரேக் என்பது, முன்கூட்டி யோசிக்காதவர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது.

இன்று 14 கி.மீ. லிட்டருக்கு 26.4. ஏசி இல்லை.

கூடுதல் குறிப்பு: உழவர் சந்தையிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. காலில் மாட்டியிருக்கும்போதே உருவிக்கொண்டு போகும் அளவுக்குத் திருட்டுத் தொழில் முன்னேறியிருக்கிறது.

ஏப்ரல் 9

26.9. ஏசி இல்லை. மனைவி இந்திராணி வழியெல்லாம் முந்தானையால் விசிறிக்கொண்டு வந்தாள். முந்தானைக்கு எரிபொருள் தேவையில்லை.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். மகள் சுகன்யாவும் பேத்தி சஷ்டிகாவும் சாப்பிட வந்தார்கள். மாப்பிள்ளைக்கு பெங்களூரில் வேலை. மாதம் இரண்டு முறை தரிசனம் தருவார். சுகன்யா இங்கே அழகாபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிறாள்.

மாங்காய்ப் பச்சடியைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "வேன்காரர் ஜூன்ல இருந்து வரமாட்டாராம்ப்பா. ரூட்டையே மாத்திட்டாங்க. எனக்கு ஏழரைக்கு டூட்டி. இவளை யாரு கொண்டுபோய் விடறது? அவர் என்னடான்னா, இவ்ளோ கஷ்டம் எதுக்கு, ரெண்டு பேரும் பேசாம இங்க வந்துடுங்கங்கறார்."

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

அப்பளம் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அது சஷ்டிகா. இரண்டாம் வகுப்பு போகப் போகிறாள்.

"உங்க சுகர் எப்படிப்பா? கால் மதமதன்னு இருக்குன்னு போன வருஷம் சொன்னீங்களே."

"அது போன வருஷம்."

"நான் தாத்தா வண்டியிலதான் போவேன்" என்றாள் சஷ்டிகா. "சத்தமே வராது. பேய் மாதிரி வரும். எங்க கிளாஸ்ல யாருகிட்டயும் அந்த மாதிரி வண்டி இல்ல."

சுகன்யா என்னைப் பார்க்காமல் அவள் அம்மாவைப் பார்த்தாள். "டாக்டர்கிட்ட ஒரு தடவை காலைக் காட்டிட்டு வாங்கப்பா. அவர் ஓட்டலாம்னு சொன்னா எனக்கும் சரி. இல்லைன்னா நாங்க பெங்களூருக்குக் கிளம்பறோம். வேற வழியில்ல."

ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகளில் என்னை ஒரு வேலைக்குப் பரிசீலிப்பது இதுவே முதல் முறை.

ஏப்ரல் 19

27.8. தெருவில் யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம்.

காரணத்தையும் பதிவு செய்கிறேன். இப்போதெல்லாம் சிக்னல் கண்ணில் பட்டதுமே, இரண்டு பஸ் நிறுத்தம் முன்னாலேயே, காலைத் தளர்த்திவிடுகிறேன். அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும். ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலை மாற்றுவது ஒரு பயணம். அவசியமில்லாத பயணங்களை அறிவுள்ளவன் தவிர்ப்பான்.

கூடுதல் குறிப்பு: கூடத்திலிருந்து அடுக்களை வரை மொசைக் தரையில் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள். இந்திராணி பொட்டுகளைப் பின்தொடர்ந்து வந்து என் நாற்காலி அருகில் நின்றாள். என் வலது குதிகாலில் ஒரு குண்டூசி, தலை வரைக்கும் இறங்கியிருந்தது.

"எப்பங்க குத்துச்சு?"

"இப்பத்தான்."

"ரத்தம் காஞ்சு போயிருக்கு."

வெயில் காலத்தில் எல்லாம் சீக்கிரம் காய்ந்துவிடும். வடகம்கூட.

ஏப்ரல் 27

டாக்டர் காலைப் பரிசோதித்தார். இளைஞர், நல்ல பையன், மேசை மேல் பிள்ளையார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் மேல் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்டார். முப்பத்திரண்டு ஆண்டுகள் தேர்வுக்கூடத்தில் மேற்பார்வை பார்த்தவன் நான். எழுதுகிறவன் என்னவெல்லாம் செய்வான் என்று எனக்குத் தெரியாததில்லை. கவையைத் தட்டும் சத்தம் காதில் விழும். மனசுக்குள் இரண்டு எண்ணிவிட்டு "தெரியுது" என்றால் போதும்.

அடுத்தது நைலான் இழை. பாதத்தில் பத்து இடத்தில் தொடுவாராம். தொடக் குனியும்போதெல்லாம் அவருடைய நாற்காலி கிரீச்சிட்டது. ஒன்பது முறை "தெரியுது" என்றேன். ஒன்றை வேண்டுமென்றே விட்டேன். நூற்றுக்கு நூறு வாங்குகிறவனைத்தான் ஆசிரியர்கள் சந்தேகிப்பார்கள்.

"பரவாயில்லையே சார், நான் பயந்தது மாதிரி இல்ல" என்றார். ஓட்டலாமா என்று கேட்டேன். ஓட்டலாம், செருப்பில்லாமல் நடக்காதீர்கள் என்றார். டாக்டருடைய நேரத்தை மிச்சப்படுத்திய திருப்தியோடு எழுந்தேன்.

இந்திராணி மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் டாக்டரின் நாற்காலியும் தெரியும், என் முகமும் தெரியும்.

திரும்பும்போது அவள் இடது பக்கம் உட்கார்ந்து, இரண்டு இருக்கைக்கும் நடுவே ஹேண்ட் பிரேக் மேல் கையை வைத்துக்கொண்டாள். வீடு வரைக்கும் எடுக்கவில்லை. முப்பத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில், நான் வண்டி ஓட்டும்போது அவள் கை என் பக்கம் இவ்வளவு தூரம் வந்ததே இல்லை.

28.3.

மே 3

முபாரக் வந்தார். என்னோடு ஐந்து ரோடு சந்திப்பு வரைக்கும் போய்த் திரும்பினார். வழி முழுக்க என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நாங்கல்லாம் அழுத்தறோம், எடுக்கறோம், அழுத்தறோம், எடுக்கறோம். உங்க காலு அசையவே மாட்டேங்குதே! வெச்ச இடத்துல கல்லு மாதிரி இருக்கு. எப்படி சார்?"

"பயிற்சி" என்றேன்.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷமா, கொஞ்சம் கொஞ்சமா."

இது பொய்யில்லை. ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது.

குழுவில் போட்டுவிட்டார்: 'சிகாமணி சார் காலைப் பாருங்கள், கற்றுக்கொள்ளுங்கள்.' என் முழுப்பெயர் தெய்வசிகாமணி. இந்திராணி படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மே 7

குளிக்க வெந்நீர் விளாவும்போது காலில் ஊற்றிப் பார்த்தேன், பதமாகத்தான் இருந்தது. குளித்து வந்தபின் பாதத்தில் கொப்புளம். ஹீட்டரை மாற்ற வேண்டும். 28.8.

மே 12

சங்கத்தின் ஆண்டுப் போட்டி. கோடை விழாக் கூட்டம் மலையேறும் முன்பே, காலை ஆறு மணிக்கு, ஏற்காடு ஏரிக்கரையிலிருந்து புறப்பட்டு அடிவாரம் வரை. இருபது கொண்டையூசி வளைவுகள். குறைவாக பிரேக் பிடிப்பவருக்குக் கேடயம். ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் ஒரு நடுவர் வந்து, பிரேக் விளக்கு எத்தனை முறை எரிகிறது என்று எண்ணுவார். எனக்கு முபாரக். பக்கத்தில் ஒரு சாட்சி வேண்டும். இந்திராணி கேட்காமலேயே ஏறிக்கொண்டாள்.

இறக்கத்துக்கு என்று கியரில் ஒரு நிலை இருக்கிறது. போட்டால் வண்டியை அதுவே இழுத்துப் பிடிக்கும். கை செய்கிற வேலையைக் கால் எதற்குச் செய்ய வேண்டும்? எட்டு வளைவுகள் வந்தோம். பனி, சில்வர் ஓக், ஒரு குரங்குக் குடும்பம். வாழ்க்கையில் வேறென்ன வேண்டும்?

ஒன்பதாவதில் கீழேயிருந்து பஸ் வந்தது, சாலை நடுவில். அது அதனுடைய உரிமை. நான் காலை பிரேக்குக்கு மாற்றினேன். துல்லியமாக எழுதுவதானால், மாற்றச் சொல்லி உத்தரவு அனுப்பினேன். உத்தரவு எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. பஸ்ஸின் முன்னால் கட்டித் தொங்கவிட்டிருந்த எலுமிச்சம்பழமும் மிளகாயும் ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்குப் பெரிதாகிக்கொண்டே வந்தன. அப்போது இந்திராணி, அவசியமே இல்லாமல், ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தாள்.

வண்டி அலறி நின்றது. பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கலாம், ஒல்லியாக இருந்தால்.

"யோவ் பெருசு!" டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "வூட்ல சொல்லிட்டு வந்தியா?"

வீட்டில் சொல்ல வேண்டியவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பு அவள் வாயில் இருந்தது.

ஹேண்ட் பிரேக் இழுத்தால் பிரேக் விளக்கு எரியாது. அடிவாரத்தில் முபாரக் இறங்கி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "பஸ்ஸு மூஞ்சிக்கு நேரா வருது, நம்ம சார் பிரேக்கத் தொடல! லைட்டே எரியலப்பா! இருபது வளைவு, ஒரு தடவகூட எரியல! நெஞ்சா அது, இரும்பு!"

கேடயம் கொடுத்தார்கள். மாலை போட்டார்கள். படத்தைச் சுகன்யாவுக்கு அனுப்பினேன். 'சூப்பர்ப்பா, ஜூன் 10 ஸ்கூல் திறக்குது' என்று பதில் வந்தது.

மே 13

இந்திராணி இனி என் வண்டியில் ஏற மாட்டாளாம்.

மே 16

29.6. வண்டியில் ஐம்பத்தெட்டு கிலோ குறைந்திருப்பது நன்றாகத் தெரிகிறது.

மே 25

இந்திராணி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "சுகன்யாகிட்ட நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

"எதை?"

அவள் எழுந்து வந்தாள். என் எதிரே தரையில் உட்கார்ந்து, என் வலது பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இந்தப் பக்கம் பாக்காதீங்க. ஜன்னலைப் பாருங்க. இப்ப நான் எந்த விரலைப் பிடிச்சிருக்கேன்?"

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுப் பப்பாளி மரம். நன்றாகக் காய்த்திருந்தது.

"சுண்டுவிரல்" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். அவள் இரண்டு கையும் கீரைக்கட்டில் இருந்தன. எப்போது திரும்பிப் போனாள் என்று எனக்குத் தெரியாது.

"நீங்களே சொன்னா மரியாதையா இருக்கும்" என்றாள். "ஜூன் பத்துக்குள்ள."

சொல்கிறேன் என்றேன்.

மே 26

சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். சுகன்யா பெட்டி கட்டுவாள். பெங்களூரில் நல்ல பள்ளிகள் இருக்கின்றன. சஷ்டிகா வாரத்துக்கு ஒரு முறை வீடியோவில் வந்து, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை மேசை மேல் வைத்துவிட்டு ஓடிவிடுவாள். நான் மின்விசிறியோடு பேசிக்கொண்டிருப்பேன்.

அவளைப் பள்ளியில் விட்டுவர நாலு கிலோமீட்டர்தான். ஒரே ஒரு சிக்னல். பாதி வழி இறக்கம். மிதந்தே போய்விடலாம்.

30.1. சங்க வரலாற்றில் முப்பதைத் தாண்டியவர் வேறு யாரும் இல்லை.

ஜூன் 5

வீட்டு வாசலில், வண்டியை அணைத்து வைத்துவிட்டுப் பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்கு. இருபது முறை. முடிவை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஆய்வுக்கு இருபது என்பது போதாத எண்ணிக்கை.

ஜூன் 8

ஆத்தூரில் இந்திராணியின் அக்கா கணவர் தவறிவிட்டார். பஸ்ஸில் கிளம்பினாள். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. படியிறங்கும்போது கேட்டாள்.

"சுகன்யாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னிக்கு சாயந்திரம்."

"சத்தியமா?"

"என்ன இது சின்னப்பிள்ளை மாதிரி."

ஜூன் 9

இந்திராணி ஆத்தூரிலிருந்து போன் செய்தாள். பின்னால் ஒப்பாரி.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"வருத்தப்பட்டா. வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்னா."

"பாவம்" என்றாள். பிறகு, "நல்ல காரியம் பண்ணீங்க" என்றாள். அவள் குரல் அப்படி இறுக்கம் தளர்ந்து கேட்டு நாளாகிறது. பத்து நிமிடம் கழித்துச் சுகன்யா போன் செய்தாள்.

"நாளைக்கு ஏழு பத்துக்கு வந்துடுவீங்கல்லப்பா?"

"ஏழு அஞ்சுக்கே."

ஜூன் 10

சஷ்டிகாவுக்குப் புதுச் சீருடை, அளவுக்கு மீறின பை, கழுத்தில் தண்ணீர் பாட்டில். பின் இருக்கையில் நடுவில் உட்கார்ந்தாள். அழகாபுரத்தில் சிக்னல் பச்சையாகவே இருந்தது. இறக்கத்தில் அம்புக்குறிகள் எல்லாம் அணைந்தன.

"தாத்தா, இப்ப வண்டி ஓடுதா, நிக்குதா?"

"மிதக்குது."

"நீங்க ஒண்ணுமே பண்ணலையே!"

"அதுதான் வித்தை."

இறங்கி ஓடினாள். 32.4. வீட்டுக்கு வந்து வண்டியைத் துடைத்தேன். யாரோ ஒருவருடைய கை ஹேண்ட் பிரேக் பிடியில் வியர்வைத் தடம் விட்டிருந்தது. மே மாதத்துத் தடமாக இருக்கலாம். அதையும் துடைத்தேன்.

ஜூன் 11

சஷ்டிகாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

கார் பள்ளி வாசலில் நிற்கிறது. நான் ஆட்டோவில் வந்தேன். லிட்டருக்கு எத்தனை என்று பார்க்கவில்லை. சுகன்யாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டரிடம் செய்ததையும், மலையில் கேடயம் வாங்கிய விதத்தையும். அவள் முழுவதும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அடுத்ததாக ஆத்தூருக்குப் பேசினேன். இந்திராணி, "குழந்தை எங்க?" என்றாள். வகுப்பில் என்றேன். "நீங்க அங்கயே உட்காருங்க, வர்றேன்" என்றாள். உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்தது இது. பள்ளி வாசல் எதிர்ச்சாரியில் இருக்கிறது. இறங்குகிற பிள்ளைகள் வண்டிக்கு முன்னால் சுற்றிக்கொண்டு கடப்பார்கள். நான் நிறுத்தினேன். என் கால் பிரேக்கில் இருந்தது. சஷ்டிகா இறங்கினாள். முன்னால் போனவள், வண்டிக்கு நேரே நின்று, எனக்குக் கையசைத்தாள். நானும் கையசைத்தேன்.

வண்டி பாய்ந்தது. சத்தமே இல்லை. அவள் முகத்தில் பயம்கூட இல்லை. கை மேலேயே இருந்தது. நான் பிரேக்கை அழுத்தினேன், இன்னும் அழுத்தினேன், என் முழு பலத்தையும் போட்டு அழுத்தினேன். அழுத்த அழுத்த வண்டி வேகமெடுத்தது.

காக்கிச் சட்டை போட்ட ஒரு கை பக்கவாட்டிலிருந்து வந்து, பையின் பட்டையைப் பிடித்து அவளைப் பொம்மை மாதிரி தூக்கிவிட்டது. சாலையோரம் இருந்த ஒரு மணல் டிரம்மில் மோதி நின்றேன். தண்ணீர் பாட்டில் சக்கரத்துக்கு அடியில் இருந்தது.

பெண்கள் கத்தினார்கள். யாரோ சஷ்டிகாவை அணைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அவள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். அழவில்லை. கையை இன்னும் முழுதாக இறக்கியிருக்கவில்லை.

அந்தக் காக்கிச் சட்டைக்காரர், பள்ளி வாட்ச்மேன், என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். என் வயதுதான் இருக்கும். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

"ஏனுங்க பெரியவரே, கால எங்கீங்க வெச்சிருக்கீங்க?"

எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் சொன்னேன்.